ராமானுஜன் லிஸ்ட்ல விட்டுப்போன 12 இலக்க நம்பர்: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பாக்குறது எப்படி

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவுல ராமானுஜன் வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் வாசல்ல நின்னு 1729ஐப் பத்திதான் பேசுவாங்க. டாக்ஸி நம்பர், ஹார்டி, ஆஸ்பத்திரி, அந்தக் கதை நமக்கு மனப்பாடம். நான் இன்னிக்கு சொல்லப்போறது அவரு எழுதாம விட்டுட்ட ஒரு நம்பரைப் பத்தி.

1915ல லண்டன் மேத்தமெடிக்கல் சொசைட்டி இதழ்ல அவரோட பெரிய கட்டுரை ஒண்ணு வந்துச்சு, அதுக்குத்தான் அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ்ல பி.ஏ. பட்டமே குடுத்தாங்க. அதுல காரணிங்க ரொம்ப ரொம்ப அதிகமா இருக்குற எண்களா பொறுக்கி, 6746328388800 வரைக்கும் 102 எண்ணை டேபிள் போட்டு வச்சிருக்காரு, எல்லாம் கையால போட்ட கணக்கு, கம்ப்யூட்டர்னு ஒரு சாமானே உலகத்துல இல்லாத காலம். அந்த டேபிள்ல நடுவுல ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு. அதுதான் இது:

293318625600

சாயங்காலம் பசங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றப்ப நான் இந்த நம்பரைத்தான் போர்டுல எழுதுவேன். காரணி, மீ.சி.ம, வர்க்கம்னு ஏழாம் கிளாஸ்ல இருந்து படிக்கிற அத்தனையும் இந்த ஒரு நம்பர்ல பழகிப் பாக்கலாம். தேவையானது ஒரு பேப்பரு, ஒரு பேனா, மளிகைக்கடை கல்லாவுல இருக்குமே அந்த 12 இலக்க கால்குலேட்டர். நம்ம நம்பர் சரியா 12 இலக்கம், டிஸ்ப்ளே விளிம்பு வரைக்கும் வந்து நிக்கும்.

முதல் ஸ்டெப்: வாயால படிங்க, அளவு புரியட்டும்

சிரிக்காதீங்க, முக்காவாசி பேர் தப்பு பண்றது இங்கதான். வலது பக்கம் இருந்து மொத மூணு இலக்கத்தை விட்டுட்டு, அப்பறம் ரெண்டு ரெண்டா கமா போட்டா 2,93,31,86,25,600 வரும். அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூத்தி முப்பத்தியொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு. வெள்ளக்காரன் மாதிரி மூணு மூணாவும் ஒரு தடவ எழுதி வச்சுக்கங்க, 293,318,625,600, அதுக்கு ஒரு வேலை இருக்கு, பின்னாடி வரும்.

இது எவ்வளவு பெருசுன்னு டெல்டாக்காரனுக்கு சொல்லணும்னா தண்ணியிலதான் சொல்லணும். ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி. நம்ம நம்பரை கன அடியா வச்சா ஏறக்குறைய 293.3 டி.எம்.சி. மேட்டூர் 120 அடிக்கு முழுசா நிரம்புனாலே 93.47தான். அப்ப மூணு மேட்டூர், மேல கொஞ்சம். 2018ல காவிரி வழக்குல சுப்ரீம் கோர்ட் வருஷத்துக்கு நமக்குன்னு சொன்ன 177.25 டி.எம்.சி.யை இதுகூட வச்சுப் பாத்துட்டு பெருமூச்சு விட்டுக்கலாம், கணக்குக்கு வருவோம்.

ரெண்டாவது ஸ்டெப்: வகுக்காமலே என்னென்ன தெரியுதுன்னு பாருங்க

கடைசியில ரெண்டு சைபர் இருக்கு, அதனால 100ஆல போகும். அப்ப 2 ரெண்டு தடவ, 5 ரெண்டு தடவ உள்ள இருக்குறது ஊர்ஜிதம். இலக்கத்தை எல்லாம் கூட்டுங்க: 2+9+3+3+1+8+6+2+5+6+0+0 = 45. 45ஐ 9 வகுக்கும், அதனால நம்பரையும் 9 வகுக்கும்.

11க்கு ஒண்ணு விட்டு ஒண்ணா கூட்டணும். வலது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா ஒரு கூட்டம் 28, இன்னொண்ணு 17. வித்தியாசம் 11. அதனால 11ஆலயும் போகும்.

இப்ப மூணு மூணா எழுதி வச்சோமே, அதை எடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது. 1001ங்கிறது 7 × 11 × 13. ஆயிரம்ங்கிறது 1001ல ஒண்ணு கம்மி, அதனால மூணு இலக்கக் கட்டுகளை மாத்தி மாத்தி கூட்டிக் கழிச்சா 1001ஆல வகுத்தா வர்ற மிச்சம் கிடைச்சிரும். 600 கூட்டல் 318, அது 918. 625 கூட்டல் 293, அதுவும் 918. கழிச்சா சைபர்! 7, 11, 13 மூணும் ஒரே போடுல உள்ள வந்துருச்சு. 7க்கு வகுபடுதான்னு பாக்க ஸ்கூல்ல சொல்லித் தர்ற அந்த ரெட்டிப்பாக்கி கழிக்கிற முறையை 12 இலக்கத்துக்கு போட்டுப் பாத்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

மூணாவது ஸ்டெப்: பகா எண்ணா உடைங்க

இதுதான் மொத்த வேலைக்கும் அச்சாணி, இது சரியா வந்துட்டா மத்தது எல்லாம் தன்னால வரும்.

100ஆல வகுத்தா 2933186256. இது இரட்டை எண், திரும்பத் திரும்ப பாதியாக்குங்க, நாலு தடவ போகும், அதாவது 16ஆல வகுத்த மாதிரி: 183324141. ஒத்தப்படை வந்துருச்சு, 2 முடிஞ்சுது. மொத்தம் ஆறு 2 (ரெண்டு மேல, நாலு இங்க). இலக்கக் கூட்டு 27, 9ஆல வகுத்தா 20369349. அதோட கூட்டு 36, திரும்ப 9ஆல வகுத்தா 2263261. இதோட கூட்டு 22, அப்ப 3 முடிஞ்சுது, மொத்தம் நாலு. இப்ப 1001ஆல வகுங்க: 2261.

இங்க நிதானமா இருங்க. நான் மொத மொத போட்டப்ப 2261 பாக்க பகா எண் மாதிரியே இருக்கேன்னு அப்படியே விட்டுட்டேன், கடைசியில காரணி எண்ணிக்கை 1680ன்னு வந்துச்சு, அரை நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டேன். ஒரு தடவ 7 எடுத்துட்டோம்ங்கிறதால 7 தீந்துபோச்சுன்னு அர்த்தம் இல்ல. 2261 ÷ 7 = 323. இந்த 323ஐயும் பாத்தவுடனே பகா எண்ணுன்னு சொல்லிருவாங்க, ஆனா 18 × 18 = 324, அதுல ஒண்ணு கம்மி, அதனால 17 × 19.

ஆக மொத்தம்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இந்த அடுக்குகளை மட்டும் பாருங்க: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கயும் ஏறவே இல்ல, படித்துறை படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வருது, 2ல இருந்து 19 வரைக்கும் நடுவுல ஒரு பகா எண்ணையும் தாண்டல. இது தற்செயல் இல்ல, அஞ்சாவது ஸ்டெப்ல பாப்போம்.

நாலாவது ஸ்டெப்: காரணிங்க எத்தனை?

ஒவ்வொண்ணா எண்ணக் கூடாது, எண்ணி முடியாது. ஒரு காரணியை உண்டாக்கணும்னா எத்தனை 2 போடுறதுன்னு முடிவு பண்ணணும்: சைபர்ல இருந்து ஆறு வரைக்கும், ஏழு வழி. 3க்கு அஞ்சு வழி. 5க்கு மூணு, 7க்கு மூணு. 11, 13, 17, 19 நாலுக்கும் போடு இல்ல போடாத, ரெண்டு ரெண்டு வழி. எல்லாத்தையும் பெருக்குங்க:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

ஐயாயிரத்து நாப்பது காரணி. இந்த 5040ங்கிறது 1ல இருந்து 7 வரைக்கும் பெருக்குனா வர்றது, அதுவே ராமானுஜன் டேபிள்ல இருக்குற ஒரு எண். அதோட 5040ஆலயே நம்ம நம்பரை வகுத்துப் பாருங்க, 58198140, மிச்சம் இல்ல. தன்னோட காரணி எண்ணிக்கையே தனக்கு ஒரு காரணியா இருக்குற எண்ணுக்கு இங்கிலீஷ்ல ரீஃபாக்டரபிள்னு ஒரு பேரு உண்டு.

இன்னொரு விஷயம், 1ல இருந்து 22 வரைக்கும் எல்லா எண்ணும் இதை மிச்சமில்லாம வகுக்கும். மொத மொத வகுக்காத எண் 23. அந்த 23ஐ ஞாபகத்துல வச்சுக்கங்க.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாகப்பிரிவினை பாத்தவன் கேக்கமாட்டான். நம்ம தஞ்சாவூர் பக்கம் நெலக் கணக்குல 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பின்னத்துல முந்திரின்னா 320ல ஒரு பங்கு. 20, 100, 320 எல்லாமே பாதி, கால்னு சண்டை இல்லாம பிரியணும்னு வச்ச மாதிரியே இருக்கும். 320ல இருக்குறது ஆறு 2, ஒரு 5. நம்ம நம்பர்லயும் சரியா ஆறு 2 இருக்கு, அதனால முந்திரிக் கணக்குக்கும் அடங்கும், ஒரு முந்திரி 916620705. ஆனா நெலத்துக்கு மூணு பங்காளி வந்துட்டா 20 மா திணறும், மூணை உள்ள வைக்க மறந்துட்டாங்க. நம்ம நம்பருக்கு அந்தக் கவலை இல்ல, 22 பங்காளி வரைக்கும் வரலாம்.

அஞ்சாவது ஸ்டெப்: இது என்ன வகை?

இங்கதான் ராமானுஜன் வர்றாரு. தனக்குக் கீழ இருக்குற எல்லா எண்ணையும் விட அதிகமா காரணி வச்சிருக்குற எண்ணுக்கு ஹைலி காம்போசிட் நம்பர்னு பேரு வச்சாரு. நான் டியூஷன்ல அதிபகு எண்ணுன்னு சொல்லுவேன், பகா எண்ணுக்கு நேர் எதிர்க்கோடி. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120ன்னு போகும் அந்த வரிசை.

நம்ம நம்பர் அதுல சேத்தின்னு எப்படி நிச்சயம் பண்றது? கீழ இருக்குற இருபத்தொன்பதாயிரம் கோடி எண்ணையும் பாக்கவேண்டாம். ஒரு எண்ணோட அடுக்குகள் படிக்கட்டு மாதிரி இறங்கலன்னா, பெரிய அடுக்கை சின்ன பகா எண்ணுக்கு மாத்திக் குடுத்துரலாம், எண் சின்னதாகும், காரணி எண்ணிக்கை மாறாது. அதனால போட்டிக்கு வர்றது படிக்கட்டு எண்கள் மட்டும்தான். அதுலயும் 2ல இருந்து 31 வரைக்கும் பகா எண்களைப் பெருக்குனாலே 200560490130 வந்துரும், 37ஐயும் சேத்தா நம்ம எல்லையைத் தாண்டிரும், அதனால பதினோரு பகா எண்ணுக்கு மேல எவனும் வரமுடியாது. மிச்சம் இருக்குறது ஒரு நோட்டுக்குள்ள அடங்குற லிஸ்ட்.

முழு லிஸ்ட்டையும் இங்க எழுதல, பண்டமாத்து எப்படி நடக்குதுன்னு மட்டும் பாருங்க. ஒரு 3ஐ கழட்டிட்டு ஒரு 2 போட்டா எண் சின்னதாகும், காரணி 8 × 4 × 3 × 3 × 16 = 4608, கம்மி. ஒரு 7ஐ கழட்டி ஒரு 2ம் ஒரு 3ம் போட்டா 8 × 6 × 3 × 2 × 16, திரும்பவும் 4608. மூணு 2ம் ஒரு 3ம் (அதாவது 24) கழட்டி 23ஐ உள்ள விட்டா, எண் மயிரிழையில சின்னது, காரணி மறுபடியும் 4608. ரெண்டு 2ம் ஒரு 7ம் (28) கழட்டி 23 போட்டா 240940299600, காரணி 4800. இதுதான் வரிசையில நமக்கு முன்னாடி உக்காந்திருக்குறது. 5040ஐ கீழ இருந்து ஒருத்தனும் தொடல.

மேல போனா கதை வேற. ஒரு 3, ஒரு 7 (அதாவது 21) கழட்டி 23 போடுங்க: 321253732800, காரணி 5376. இதுதான் அடுத்த எண். இது ராமானுஜன் சுப்பீரியர்னு தனியா பிரிச்ச இன்னும் கெட்டியான வகை. ஆக விட்டுப்போன எண் 4800 காரணிக்காரனுக்கும் 5376 காரணிக்காரனுக்கும் நடுவுல, பெரிய கோபுரத்துக்குப் பக்கத்துல இருக்குற சின்ன சன்னதி மாதிரி நிக்குது. ஏன் விட்டாருன்னு கேட்டா எனக்கு ஒரே பதில்தான், 102 எண்ணை கையால கண்டுபிடிச்சவரை அதுக்காக கேள்வி கேக்குற தகுதி நமக்கு இல்ல. இதே கட்டுரையோட பின்பகுதி லண்டன் சொசைட்டியோட பணக் கஷ்டத்தால அன்னிக்கு அச்சுக்கே போகல, 1997லதான் ஒரு கணித இதழ்ல முறையா வந்துச்சு. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஆறாவது ஸ்டெப்: காரணிகளோட கூட்டுத்தொகை

ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனியா கூட்டி, அப்பறம் பெருக்கணும். 2க்கு 1+2+4+8+16+32+64 = 127. 3க்கு 121. 5க்கு 31. 7க்கு 57. மத்த நாலுக்கும் 12, 14, 18, 20. கால்குலேட்டர்ல வரிசையா பெருக்கிக்கிட்டே வாங்க, 18 பெருக்கி முடிச்சப்ப 82112150736 காட்டணும். கடைசி 20ஐ மட்டும் அழுத்தாதீங்க, விடை 13 இலக்கம், மிஷின் எரர் காட்டிட்டு நிக்கும். 2ஆல பெருக்கிட்டு சைபரை பேப்பர்ல சேத்துக்கங்க: 1642243014720.

இதுல நம்ம எண்ணையே கழிச்சா 1348924389120, இதுதான் தன்னைத் தவிர்த்த காரணிகளோட கூட்டு. 6, 28 மாதிரி எண்ணுல இது எண்ணுக்கே சமமா வரும், அதை நிறை எண்ணுன்னு சொல்லுவாங்க. இங்க நாலரை மடங்குக்கும் மேல வழியுது, அதனால மிகை எண், ஆங்கிலத்துல அபண்டன்ட். ஆனா ஒண்ணு, காரணிக் கூட்டுக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதத்துல சாதனை வச்சிருக்குற சூப்பர் அபண்டன்ட் வகையில இது சேராது. விகிதம் 5.599 தான், இதைவிட சின்னதான 160626866400க்கே 5.648 வருது. காரணி எண்ணிக்கையில ராஜா, கூட்டுத்தொகையில மந்திரி.

ஏழாவது ஸ்டெப்: வர்க்கத்தோட விளையாட்டு

6, 4, 2, 2 எல்லாம் இரட்டைப்படை அடுக்கு. அதுல பாதி எடுத்தா 2³ × 3² × 5 × 7 = 2520. ஆமா, வாட்ஸ்அப்ல ராமானுஜன் பேரைப் போட்டு சுத்துமே, 1ல இருந்து 10 வரைக்கும் எல்லாத்தாலயும் வகுபடுற அதிசய எண்ணுன்னு, அதே 2520. அதிசயம்லாம் இல்ல, அது 1ல இருந்து 10 வரைக்குமான மீ.சி.ம, அவ்வளவுதான். நம்ம நம்பர் = 2520 × 2520 × 46189. அந்த 46189ல வர்க்கம் எதுவும் ஒளிஞ்சிருக்கல, அதனால இது முழு வர்க்க எண் இல்ல.

வர்க்கமூலம் ஏறக்குறைய 541588.98. மேல இருக்குற முழு எண் 541589. அதோட வர்க்கத்துல இருந்து நம்ம நம்பரைக் கழிங்க: 19321. இது 139 × 139! அப்ப நம்ம நம்பர் 541589² − 139², எட்டாம் கிளாஸ் சூத்திரம் போட்டா (541589 − 139) × (541589 + 139) = 541450 × 541728. இது ஃபெர்மா சொன்ன வழி, சாதாரணமா எத்தனையோ தடவ முயற்சி பண்ணாத்தான் மாட்டும், இங்க மொத வீச்சுலயே மீன். இந்த எண்ணை நீளம் அகலமா முழு எண்ல வயல் போட்டா, சதுரத்துக்கு இதைவிட நெருக்கமா வரப்பு கட்டவே முடியாது. நான் இதை மொத தடவ பாத்தப்ப சரியான்னு மூணு தடவ போட்டுப் பாத்தேன்.

ரெண்டு வர்க்கத்தோட கூட்டா எழுத முடியுமா? முடியாது. 4ஆல வகுத்தா 3 மிச்சம் வர்ற பகா எண் எதுவும் ஒத்தப்படை அடுக்குல இருக்கக் கூடாது, இங்க 11ம் 19ம் ஒத்தையா உக்காந்திருக்கு. மூணு வர்க்கம்னா முடியும்.

எட்டாவது ஸ்டெப்: மிச்ச மீதி

பகா எண்களை ஒரு தடவ மட்டும் பெருக்குனா 9699690. அதால நம்ம நம்பரை வகுத்தா 30240. இந்த 30240ஐ விட்டுறாதீங்க, இதோட எல்லா காரணியையும் கூட்டுனா 120960, சரியா நாலு மடங்கு. மிகை எண்ணுக்குள்ள இப்படி ஒரு ஒழுங்கான எண் ஒளிஞ்சிருக்கு.

ஆய்லர் ஃபை, அதாவது இதோட 1ஐத் தவிர பொதுக் காரணியே இல்லாத சின்ன எண்கள் எத்தனைன்னா 50164531200. நூத்துக்கு பதினேழுதான் ஒட்டாம நிக்குது, மத்த எண்பத்துமூணும் ஏதோ ஒரு வகையில சொந்தம்.

இலக்கக் கூட்டு 45 நம்பரையே வகுக்குது, 6518191680 வருது, அதனால கப்ரேக்கர் பேரு வச்ச ஹர்ஷத் எண். இது ஒண்ணும் பெரிய பெருமை இல்ல, பத்தடிமான எழுத்து முறைக்கு மட்டும் சேந்த குணம். முக்கோண எண் இல்ல. ப்ராக்டிகல் எண்தான், இதுக்குக் கீழ உள்ள எந்த எண்ணையும் இதோட வேற வேற காரணிகளைக் கூட்டியே கொண்டாந்துரலாம். பைனரியில 39 இலக்கம், கடைசி ஆறும் சைபர் (ஆறு 2 இருக்குல்ல). கோடு எழுதுற பசங்க 32 பிட்ல போட்டுறாதீங்க, அது ஏறக்குறைய 429 கோடியோட நின்னுரும், அப்பறம் விடை தப்பா வருதுன்னு என்கிட்ட வராதீங்க.

கை பழகணும்னா அந்த 321253732800ஐ எடுத்து இதே எட்டு ஸ்டெப்பும் போட்டுப் பாருங்க. காரணி 5376 வரணும். 2688 வந்துச்சுன்னா நீங்களும் என்ன மாதிரியே ஏதோ ஒரு எடத்துல ரெண்டு பகா எண்ணோட பெருக்கலை பகா எண்ணுன்னு நெனச்சு விட்டுட்டீங்க, அனேகமா 437 (அது 19 × 23), இல்லாட்டி 391.